மெட்டில் உட்கார மாட்டேன் என்கிற வரிகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எனக்கு அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பணி ஓய்வு அழைப்பிதழ் அடிப்பதுதான் பிழைப்பு. புரூஃப் பார்க்க வருகிறவர்களில் சிலர் அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே ஒரு பாட்டையும் எழுதிக்கொண்டு வருவார்கள். "தெரிஞ்ச மெட்டுதாங்க, வார்த்தையை மட்டும் மாத்தியிருக்கோம். ஆனா எங்கியோ இடிக்குதுங்க." ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில் டோலக் வாசித்தவன் நான் என்பது ஊருக்குத் தெரிந்துபோனதால் வந்த வினை. நலங்குக்கு மாப்பிள்ளையைக் கிண்டல் செய்யும் பாட்டு, மேலாளரை வழியனுப்பும் பாட்டு, ஏற்காட்டில் கூடும் பழைய மாணவர்கள் பாட்டு என்று வருஷத்துக்குப் பத்துப் பதினைந்தாவது கைக்கு வந்துவிடும். மெட்டு எதுவானாலும் கோளாறு மட்டும் அதே பத்துதான்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் ஒரு வேலை. மூலப் பாட்டின் வரியை வார்த்தை இல்லாமல் தத்தகாரத்தில் எழுதுங்கள். குறிலுக்கு 'த' அல்லது 'ன', நெடிலுக்கு 'தா' அல்லது 'னா'. குறிலோடு ஒற்று சேர்ந்தால் அதுவும் 'தா' கணக்குதான். இலக்கணத்தில் ஒற்றுக்கு அரை மாத்திரை என்று படித்திருப்போம். சந்தத்தில் அது பக்கத்துக் குறிலோடு சேர்ந்து ஒரு நெடிலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குறில் ஒன்று, 'தா' இரண்டு. ஐகாரம் சொல்லின் நடுவிலோ கடைசியிலோ வந்தால் ஒன்று. சீர்க் கடைசியில் வருகிற குறிலை இழுத்து இரண்டாக்கிக்கொள்ளலாம். இவ்வளவு போதும்.

கோளாறு: மெட்டு முடிந்துவிட்டது, வார்த்தை மிச்சம் இருக்கிறது

பத்துக்கு ஏழு பேருக்கு இதுதான். காரணம் எழுத்துத் தமிழ். கையில் பேனா வந்ததும் நமக்கு 'பணியாற்றிய', 'இருக்கின்றார்', 'அவர்களுடைய' எல்லாம் வந்துவிடும். பணி ஓய்வுப் பாட்டு ஒன்று இப்படி வந்தது: "முப்பது ஆண்டுகள் அலுவலகத்தில் அயராது பணியாற்றிய". மெட்டோ 'தனதன தானா தனதன தானா', மொத்தம் பதினாறு. வரியைச் சுமந்துகொண்டு ஓடினால்கூட மெட்டைப் பிடிக்க முடியாது.

முதலில் செய்ய வேண்டியது: வரியை மூடி வைத்துவிட்டு, அதில் என்ன சொல்ல வந்தீர்கள் என்று பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல்லுங்கள். "முப்பது வருஷம்ங்க, முதுகே போச்சு மனுஷனுக்கு" என்றார் அந்தப் பாட்டைக் கொண்டுவந்தவர். அங்கேயே பாட்டு இருக்கிறது. "வருஷம் முப்பது முதுகும் போச்சு". வருஷம் நாலு, முப்பது நாலு, முதுகும் நாலு, போச்சு நாலு.

அப்படியும் மிஞ்சினால் வேற்றுமை உருபையும் 'மற்றும்' போன்ற ஒட்டுகளையும் வெட்டுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் அந்த வரியில் இரண்டு செய்தி இருக்கிறது. பிரித்து அடுத்த வரிக்குக் கொடுத்துவிடுங்கள்.

கோளாறு: வார்த்தை தீர்ந்துவிட்டது, மெட்டு மிச்சம்

இது சுலபம். 'ஐயா', 'அம்மா', 'தானே', 'பாரு' ஏதாவது ஒன்றைப் போட்டு நிரப்பலாம். சரணத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். அதற்கு முன் ஒரு சோதனை: மூலப் பாட்டில் அந்த இடத்தில் பாடகர் உண்மையிலேயே பாடுகிறாரா, இல்லை தபேலாவுக்கு இடம் விட்டுவிட்டு நிற்கிறாரா? பல பேர் வாத்தியத்தின் இடத்தையும் வார்த்தையால் அடைக்கப் பார்க்கிறார்கள்.

கோளாறு: எண்ணிக்கை சரியாக இருக்கிறது, பாடினால் வேறு வார்த்தை கேட்கிறது

இதில்தான் எனக்கு அதிக நேரம் போகும். சொல்வதற்கும் நிறைய இருக்கிறது.

ஒரு நலங்குப் பாட்டு. பெண்ணின் சித்தி எழுதியிருந்தார். மாப்பிள்ளை பல் டாக்டர். மெட்டு 'தாஆ தானா தனதன தானா'. முதல் 'தாஆ' மட்டும் நாலு மாத்திரைக்கு நீளும், மற்ற மூன்று சீரும் நாலு நாலு. அவர் எழுதிய வரி: "பல் டாக்டர் வருகிற நேரம்".

"எண்ணிப் பார்த்துட்டேனுங்கண்ணா, சரியாத்தான் இருக்கு" என்றார்.

"எண்ணினது சரிதாம்மா. பாடிக் காட்டு."

பாடினார். "பாஆஆல் டாக்டர் வருகிற நேரம்." கூட வந்திருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்து, "ஏன்டி, மாட்டு டாக்டரா? பல்லு பாக்கறவர்னு இல்ல சொன்னீங்க?" என்றார்.

தமிழில் நீளம்தான் பொருள். பல் வேறு, பால் வேறு. மலை, மாலை. படம், பாடம். வரம், வாரம். விடு, வீடு. குறிலை நீளமான ஸ்வரத்தில் தூக்கி வைத்தால் மெட்டு அதை இழுக்கும், இழுத்ததும் அது அடுத்த வீட்டு வார்த்தையாகிவிடும். மூலப் பாட்டை எழுதியவர் அந்த இடத்தில் நெடிலை வைத்துவிட்டுப் போயிருப்பார். நாம் எண்ணிக்கையைப் பார்த்தோம், அளவைப் பார்க்கவில்லை.

சரிசெய்வது, செலவு குறைந்ததிலிருந்து:

முதலில் பாடும் முறையை மாற்றிப் பாருங்கள். உயிரை இழுக்காமல் ஒற்றை இழுக்கலாம்: 'பல்ல்ல்'. ம், ன், ண், ங், ல், ள் இவையெல்லாம் இழுத்தால் நிற்கும். க், ச், ட், த், ப் நிற்காது, வாயை அடைத்துவிடும். ஆகவே 'நம்' என்பதை நீளமான இடத்தில் வைத்துச் சமாளிக்கலாம். 'பட்' என்று தொடங்கும் சொல்லை வைத்தால் அந்த இடத்தில் மௌனம்தான் கேட்கும். ஒருவர் தனியாகப் பாடினால் இந்த வழி போதும். கூட்டமாகப் பாடினால் போதாது. பத்து அத்தைகளில் ஒருவராவது 'பால்' என்று இழுத்துவிடுவார்.

இரண்டாவது, சொல்லை இடம் மாற்றுவது. குறிலை அடுத்து அதே ஒற்று இரட்டித்து வந்தால் அந்தக் குறில் நீளாது. 'பல்லு' எவ்வளவு அவசரத்திலும் 'பாலு' ஆகாது. அதைக் கடைசிச் சீருக்குத் தள்ளிவிட்டு, முதல் இடத்தில் ஒரு நல்ல நெடிலை உட்கார வைத்தோம்: "வா டாக்டர் கடைவாய்ப் பல்லு". முதல் 'வா' எவ்வளவு நீண்டாலும் 'வா'தான். நீட்ட நீட்ட இன்னும் கிண்டலாக இருந்தது. மாப்பிள்ளையை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனார்களாம்.

மூன்றாவது, வரியையே தூக்கி எறிவது. மனசு வராது, தெரியும். ஆனால் ஒரு குறிலுக்காக நாலு வரியை வளைப்பதைவிட இது மலிவு.

சோதனை எளிது. கேட்பவரிடம் வரியைக் காட்டாமல் பாடிவிட்டு, கேட்டதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதியவருக்குக் காது கேட்காது, மனசுதான் கேட்கும்.

கோளாறு: வார்த்தை பாதியில் உடைகிறது

மெட்டு மூச்சு விடும் இடத்தில் நம் வார்த்தை இன்னும் முடிந்திருக்காது. உருக்காலையில் வேலை பார்த்த ஒருவருக்காக எழுதிய பாட்டில் 'உருக்காலை' சரியாக நடுவில் வெட்டுப்பட்டு, 'உருக்' ஒரு வரியோடும் 'காலை' அடுத்த வரியோடும் போனது. "காலை விட்டு வீடு வந்தார்" என்று கேட்டால் யாருக்கும் பதறும். அவரோ நடந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

தாளில் ஒவ்வொரு சீருக்கும் நடுவே சாய்கோடு போடுங்கள். கோடு வார்த்தையின் வயிற்றில் விழுந்தால் அந்த வார்த்தையை ஒரு சீர் முன்னேயோ பின்னேயோ நகர்த்துங்கள். நீளமான கூட்டுச் சொற்களில்தான் இது வரும். ஆட்களின் பெயரிலும் வரும். பெயரை மட்டும் எக்காரணம் கொண்டும் உடைக்காதீர்கள்.

கோளாறு: கைதட்டு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்

சேலம் குகைப் பகுதியில் எனக்கு ஒரு மிருதங்க வாத்தியார் இருந்தார். எந்தப் பாட்டைக் கொண்டுபோனாலும் "பென்சிலைக் கீழ வைடா, தொடையில தட்டு" என்பார். அதுதான் இங்கே முழுச் சிகிச்சையும்.

முதல் காரணம் எடுப்பு. சில பாட்டு தாளத்தோடு சேர்ந்தே தொடங்கும். சில பாட்டில் முதல் தட்டு விழுந்த பிறகு வார்த்தை வரும், அது அனாகதம். சிலதில் தட்டுக்கு முன்பே ஒரு சொல் முந்திக்கொள்ளும், அது அதீதம். பேர் முக்கியமில்லை. மூலப் பாட்டை ஓடவிட்டுத் தொடையில் தட்டுங்கள். முதல் தட்டு எந்த எழுத்தில் விழுகிறதோ அதை வட்டமிடுங்கள். உங்கள் வரியிலும் அதே எண்ணிக்கையில் உள்ள எழுத்தில்தான் தட்டு விழ வேண்டும்.

இரண்டாவது காரணம், அந்த மெட்டு நாலு எண்ணிக்கையே இல்லை. கும்மி, தெம்மாங்கு என்று நினைத்துக்கொண்டு எழுதியிருப்பீர்கள், அது ஐந்தாகவோ ஏழாகவோ இருக்கும். கண்ட சாபு என்றால் இரண்டும் மூன்றும், மிஸ்ர சாபு என்றால் மூன்றும் நாலும். ஏழில் கேலிப் பாட்டு எழுதலாம், நன்றாகவும் இருக்கும்; ஆனால் அதைக் கல்யாண மண்டபத்தில் கைதட்டிப் பாட வைக்க முடியாது. முதல் ஆவர்த்தத்திலேயே, அதாவது தாளத்தின் முதல் சுற்றிலேயே, கூட்டம் தன்னிஷ்டத்துக்கு எட்டாக்கிவிடும். ஏழு என்று தெரிந்ததும் ஒரு தாள வாத்தியக்காரரைக் கூப்பிடுங்கள். இல்லாவிட்டால் மெட்டை மாற்றுங்கள். நான் மெட்டை மாற்றுகிற கட்சி.

கோளாறு: இங்கிலீஷ் இசைநாடக மெட்டுக்குத் தமிழ் ஒட்டவே மாட்டேன் என்கிறது

ஏற்காட்டில் விடுதிப் பள்ளிகள் நிறைய. அங்கே படித்தவர்கள் கூடும்போது சின்ன வயதில் மேடையில் பாடிய பிராட்வே மெட்டுகளுக்குத் தமிழில் வார்த்தை போட்டுத் தரச் சொல்வார்கள். அதிகம் கேட்கப்படுவது 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகத்தில் பிடித்த பொருள்களை அடுக்கிக்கொண்டே போகும் பாட்டு. நாடகம் 1959-ல் மேடையேறியது, படம் 1965-ல் வந்தது. அடுக்கு என்பதால் யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம் என்று தோன்றும்.

இடிப்பதற்கு முதல் காரணம், அது மூன்று மூன்றாகப் போகிற மெட்டு. நாம் பழக்க தோஷத்தில் நாலு நாலாகவே எழுதுவோம். ஏற்காட்டைப் பற்றி ஒரு குழு எழுதிவந்த வரி: "மிளகு கொடியில், குரங்கு தலையில்". படகுத் துறைப் பக்கம் போனவர்களுக்கு இந்த வரி புரியும். மிளகு மூன்று. கொடியில், தலையில் இரண்டும் கடைசி 'ல்'லை விழுங்கிப் பாடினால் மூன்று. ஆனால் குரங்கு? கு ஒன்று, ரங் இரண்டு, கு ஒன்று, ஆக நாலு. அந்த ஒற்றை 'ங்' பாட்டையே வாரிவிட்டது. குரங்கை விரட்டிவிட்டு மந்தியைக் கூப்பிட்டோம். மந் இரண்டு, தி ஒன்று. "மிளகு கொடியில், மந்தி தலையில்." சுழன்றது.

இரண்டாவது காரணம் அழுத்தம். இங்கிலீஷில் ஒரு சொல்லுக்குள் ஓர் அசையை அழுத்திச் சொல்வார்கள், மற்றதை விழுங்குவார்கள். மெட்டும் அதற்கேற்பத்தான் போட்டிருக்கும். பல வரிகள் விழுங்குகிற குட்டி அசையில் தொடங்கி, அடுத்த அசையில்தான் தட்டு விழும். நம் அதீத எடுப்புதான் அது. தமிழ்ச் சொல் முதல் எழுத்திலேயே நிமிர்ந்து நிற்கும், முன்னால் குட்டி அசை கிடையாது. அங்கே முழுச் சொல்லை வைத்தால் வரி முழுக்க ஓர் அடி தள்ளிப்போய்விடும். 'அட', 'ஏ', 'ஒரு', 'இது', 'நம்' இவற்றில் ஒன்றை வாசற்படி மாதிரி முன்னால் வையுங்கள். மெயின் சொல் தட்டில் விழட்டும்.

மூன்றாவது, வேகப் பாட்டு. கில்பர்ட்–சல்லிவன் ஜோடி 1879-ல் போட்ட 'தி பைரேட்ஸ் ஆஃப் பென்ஸன்ஸ்' நாடகத்தில் ஒரு ராணுவ தளபதி மூச்சு விடாமல் தன் பெருமையைச் சொல்லும் பாட்டு இருக்கிறது. வரிக்குப் பதினாறு அசை, கடைசி மூன்று அசையும் இயைய வேண்டும். டாம் லெஹ்ரர் என்ற கணக்கு வாத்தியார் 1959-ல் அந்த மெட்டில் வேதியியல் தனிமங்களின் பெயர்களையே அடுக்கிப் பாடிவைத்தார். கேலிப் பாட்டில் அதற்கு மேல் ஒரு படி இல்லை என்பது என் அபிப்பிராயம். தமிழில் இந்த மெட்டுக்கு ஆசைப்பட்டால் குறில் மூட்டைதான் வேண்டும். நெடிலும் ஒற்றும் பெருகினால் நாக்கு மாட்டிக்கொள்ளும். வரியை முதலில் மெதுவாக, பிறகு இரட்டை வேகத்தில், மூன்று முறை நிற்காமல் சொல்லிப் பாருங்கள். மூன்றாவது முறை நாக்கு தடுக்கும் இடம்தான் பழுது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும் பஸ்ஸில் நின்றுகொண்டே சொல்ல முடிந்தால் மேடைக்குத் தயார்.

இந்த மூன்றையும் பார்த்த பிறகும் ஒட்டவில்லையா? அழுத்தம் உங்கள் காதுக்குப் பிடிபடவில்லை என்று பொருள். கீபோர்டு வாசிப்பவர் ஒருவரிடம் மெட்டை மட்டும் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். இங்கிலீஷ் வார்த்தை காதில் விழாதவரை தமிழ் வார்த்தை தானாக வரும்.

கோளாறு: எல்லாம் சரி, யாரும் சிரிக்கவில்லை

கூட்டத்துக்கு மூலப் பாட்டு தெரியுமா என்று பாருங்கள். ஊருக்கு ஊர், வயசுக்கு வயசு மாறும். ராகம் மட்டும் முணுமுணுத்து, பாட்டியும் பேரனும் இரண்டு பேரும் கண்டுபிடித்தால் அந்த மெட்டு ஓடும்.

தெரிந்த மெட்டாக இருந்தும் சிரிப்பு வரவில்லை என்றால், கிண்டல் வரியின் நடுவில் புதைந்திருக்கிறது. தட்டுவடை செட்டில் காரம் எங்கே வைப்பான் என்று கடைக்காரனுக்குத் தெரியும். நாம் மட்டும் முதல் சீரிலேயே விஷயத்தை உடைத்துவிடுகிறோம். தமிழில் சொல்லை முன்பின் மாற்றிப்போட இடம் இருக்கிறது. கிண்டல் சொல்லைக் கடைசிக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று, மூலப் பாட்டின் ஒரு சொல்லையாவது அப்படியே விட்டு வையுங்கள். எல்லாச் சொல்லையும் மாற்றிவிட்டால் அது வேறு பாட்டு; ஒரு சொல் மிச்சம் இருந்தால்தான் காது பழைய வரியை எதிர்பார்த்து ஏமாறும். எதுகைக்காக அலைய வேண்டாம், மூலத்தில் எதுகை இருந்த இடத்தில் மட்டும் வைத்தால் போதும்.

யாரைப் பற்றிய பாட்டோ அவர் சிரிக்காமல் போவது தனிக் கோளாறு. நிறம், சம்பளம், சீர்வரிசை மூன்றும் பாட்டில் வரக்கூடாது. சந்தேகமாக இருந்தால் அந்த வீட்டு மூத்த அத்தையிடம் முதல் நாளே பாடிக் காட்டிவிடுங்கள். இந்த விஷயத்தில் அவரைவிடப் பெரிய நிபுணர் கிடையாது.

கோளாறு: தனியாகப் பாடினால் சரி, கூட்டமாகப் பாடினால் குழப்பம்

தாளைப் பாருங்கள். பாதிப்பேர் 'இருக்கு', மீதிப்பேர் 'இருக்குது' என்று பாடியிருப்பார்கள், ஏனென்றால் அச்சில் 'இருக்கிறது' என்று இருந்திருக்கும். எப்படிப் பாட வேண்டுமோ அப்படியே அடியுங்கள். சீருக்குச் சீர் இடைவெளி விடுங்கள், தட்டு விழும் எழுத்தைத் தடிமனாக்குங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். மண்டப விளக்கில் மூக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டியவர்கள்தான் சத்தமாகப் பாடுவார்கள்.

கோளாறு: வீட்டில் எட்டிய ஸ்தாயி மேடையில் எட்டவில்லை

முதலில் உச்ச ஸ்வரத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். அங்கே 'இ', 'உ' இருந்தால் தொண்டை இறுகும், 'ஆ' இருந்தால் திறக்கும். வார்த்தையை மாற்றினாலே பாதிப்பேருக்கு எட்டிவிடும்.

அடுத்தது கட்டை, அதாவது சுருதியின் உயரம். மூலப் பாட்டு பாடகருக்கு வசதியான கட்டையில் இருக்கிறது, உங்களுக்கு வசதியான கட்டையில் இல்லை. கரோக்கி டிராக்கின் சுருதியை இறக்க போனிலேயே செயலிகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒரு படி இறக்கினால் அரைக் கட்டை குறையும். நாலு கட்டையிலிருந்து மூன்றுக்கு இறங்க ஒரே படி போதும், நடுவில் அரை கிடையாது. இரண்டு மூன்று படி வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் டிராக் சளி பிடித்த மாதிரி ஒலிக்கும். அப்போது கீபோர்டுக்காரரைக் கூப்பிடுவதுதான் வழி. அவர் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திவிட்டு வாசித்துக்கொள்வார்.

கோளாறு: இணையத்தில் ஏற்றினேன், சத்தத்தை எடுத்துவிட்டார்கள்

மண்டபத்தில் பாடுவது வேறு, உலகத்துக்கு ஏற்றுவது வேறு. மெட்டுக்கும் பழைய வரிக்கும் உரிமைக்காரர்கள் இருக்கிறார்கள், கரோக்கி டிராக்கை உருவாக்கியவருக்குத் தனி உரிமை. 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விமர்சனம், சொந்த உபயோகம் போன்றவற்றுக்கு விலக்கு தருகிறது. கேலிப் பாட்டு என்று பேர் சொல்லி எதுவும் தரவில்லை. டிராக்தான் மாட்டியது என்றால் டோலக்கும் ஆர்மோனியமும் வைத்து நீங்களே வாசித்து மறுபடி பதிவு செய்து பாருங்கள். மெட்டே மாட்டியது என்றால் குடும்ப வாட்ஸ்அப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் காசு பார்க்கும் எண்ணம் இருந்தால் என்னிடம் வராதீர்கள், வக்கீலிடம் போங்கள். நான் அச்சுக்கூலி மட்டும் வாங்குகிறவன்.